கூடக்குறைய

கோலக்கெட்டிலில் மாதத்தில் ஒரு புதன் மட்டும்
எனக்கு ஓர் அறை தருகிறார்கள்.
ஊசி போடும் அறை. சன்னலுக்கு வெளியே
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
மில்லுக்குத் திரும்பும் வளைவு.
ஒவ்வொரு லோரிக்கும் திரை ஒருமுறை நடுங்கும்.
அது கடக்கும்வரை காத்திருந்து அளப்பேன்.

இன்று ரோகேன்ராஜ், நான்கு வயது, பதிமூன்று கிலோ.
பந்தை இரண்டு தரம் உதைத்தால்
மூன்றாம் தரத்துக்கு உட்கார்ந்துகொள்வானாம்.
தூக்க மருந்தில் பாதியைத் துப்பினான்.
பாதி என் சட்டைக்கைக்குப் போனது.
கணக்கில் வராத ஏதோ ஒரு துளியில் தூங்கினான்.

ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கித் தடவினேன்.
விலா இடுக்கில் நரைத்த வெளிச்சம்.
வலப்பக்க வால்வு மூடும் நொடியில்
பின்னோக்கிப் பீறும் ஒரு கசிவு,
நீலமாய், ஓரத்தில் மஞ்சள் தெறித்து.
அதன் வேகத்தைத்தான் பிடிக்கிறேன்.
நுரையீரல் குழாயை நான் தொடுவதே இல்லை.
சுவரில் காது வைத்துக் கேட்டு
அடுத்த வீட்டில் யார் அடித்தார் என்று
சாட்சி சொல்வது மாதிரி.

மூன்று புள்ளி நான்கு.
வர்க்கம் எடுத்து நான்கால் பெருக்க, நாற்பத்தாறு.
வலது மேலறைக்கு ஐந்து சேர்க்க,
ஐம்பத்தொன்று.

"அந்த அஞ்சு எங்க அளந்தீங்க?"

விமலேஸ்வரி. மில்லின் எடைமேடையில்
ஒன்பது வருடமாய் ரசீது அடிப்பவள்.
மகனின் செருப்பை மடியில் வைத்திருந்தாள்.

"அளக்கல. வழக்கமா அஞ்சுன்னு வச்சுக்குவோம்."

சிரிக்கவில்லை.
"லோரிய ஏத்தமா நிறுத்தி ஒரு எடை.
எறக்கிட்டு வெறும் லோரிக்கு ஒரு எடை.
போன வாரத்து வெறும் எடையப் போட்டா
எனக்கு வேல போயிடும்.
மழை பேஞ்சா சக்கரத்துச் சேறே அறுபது கிலோ வரும்."

என் சேறு எதுவென்று சொல்ல வேண்டியதாயிற்று.
கை இருபது பாகை சாய்ந்தால் ஆறு குறையும்.
அழுதால் ஏறும், தூங்கினால் இறங்கும்.
கசிவே இல்லாத பிள்ளையிடம் எண்ணே கிடைக்காது;
எண் இல்லாததை நல்ல எண்ணாய்
வாசித்துவிடுவோரும் உண்டு.

தியாஷினியைப் பற்றிச் சொல்லவில்லை.
இரண்டு வருடத்துக்கு முன், இதே கட்டில்.
முப்பத்தெட்டு என்று எழுதினேன், அழுத்தி.
ஏழு மாதம் கழித்துப் பினாங்கில்
தொடை வழியே குழாய் ஏற்றி
உள்ளே நின்று அளந்தபோது அறுபத்தொன்று.
அந்த ஏழு மாதம் யார் ரசீதிலும் இல்லை.
இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள்,
மூன்று வேளை மாத்திரையோடு.
என் மணிக்கட்டைத்தான் நான் இப்போது நம்புவதில்லை.

"அப்ப எதுக்குப் பாக்குறீங்க?"
கோபமில்லை. வரிசை மாறி வந்த
ஓட்டுநரிடம் கேட்கும் குரல்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
"இந்த இடது அறை உருண்டையா இருக்கணும்.
நடுச்சுவரைப் பாருங்க."

குனிந்து பார்த்தாள்.
"உள்பழம்" என்றாள்.

குலைக்குள் நெருக்கி வளர்ந்த பழம்
பக்கத்துப் பழம் அழுத்தி
ஒரு புறம் தட்டையாகி இருக்குமே, அது.
நான் பத்து வருடமாய்ச் சொல்லத் தேடிய சொல்.

"எண்ணு தப்பலாம்" என்றேன்.
"இது அவ்வளவு லேசுல தப்பாது.
குழாய் விட்டுப் பாத்துரணும். எழுதித் தர்றேன்."

படிவத்தில் எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்,
மூன்று இலக்கம் கொள்ளும்.
ஐம்பத்தொன்றுக்கு முன்னால்
மலாயில் 'லெபே கூராங்' என்று எழுதினேன்.
கூடக்குறைய. அது கட்டத்தைத் தாண்டி
பிறந்த தேதியின் மேல் ஏறியது.
சுவர் தட்டை என்பதைத் தனி வரியில் போட்டேன்.

தாளை வாங்கி, ரசீதைப் பார்ப்பதுபோல்
மேலிருந்து கீழே விரலால் ஓட்டினாள்.

"நேரம் போடல."

போட்டேன்.
பதினொன்று இருபது. தூக்கத்தில்.
வெளியே ஏற்றமாய் ஒரு லோரி வளைந்தது.